வலப்பக்கக் குமிழ்கள்

மச்சான், நம் ஓசைப் பெட்டியைத் துடைத்துவிட்டார்கள். உன் பக்கத்தையும் சேர்த்து. உனக்கு நடந்த அநியாயம் இது, எனக்கும்தான்.

இன்று காலை சுவிட்சைப் போட்டேன். பெட்டி சூடேறியதும் சந்தன வாசனை வந்தது. ஆயுத பூஜைக்கு என் மருமகள் வைத்த பொட்டு, ஓசையைத் திருகும் குமிழ்களின் இடுக்கில் இறங்கிக் காய்ந்திருக்கிறது. பொட்டு வைத்ததைக் குற்றம் சொல்லவில்லை. எட்டுப் பொட்டும் ஒரே வரிசையில் அமைய வேண்டுமென்று எட்டுக் குமிழையும் நேராகத் திருப்பி நிறுத்திவிட்டாள்.

"தூசி ஜாஸ்தியா இருந்துச்சு மாமா. ஒண்ணு இப்பிடி, ஒண்ணு அப்பிடின்னு கோணலா நின்னுச்சு. சரி பண்ணி வச்சேன்."

"அது கோணல் இல்லம்மா. அதான் பாட்டே."

"எனக்கு என்னா தெரியும்? எழுதி ஒட்டியிருக்கக் கூடாதா?"

இந்தப் பெட்டி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. குமிழ் நிற்கும் இடம்தான் ஓசை. நகர்ந்தால் போனது போனதுதான்.

அப்போது பெட்டி சிதம்பரம் அண்ணாமலை நகரில், உன் வீட்டு முன்னறையில் இருந்தது. நான் கடலூர் துறைமுகத்தில் படகு எஞ்சின் பிரித்தவன். நீ ரேடியோ பிரித்தவன். நமக்கு யாரும் இசை சொல்லித்தரவில்லை. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி அதன் மேல் என் ஸ்பானரை வைத்துவிடுவோம். அந்த ஒற்றைச் சத்தம் பெட்டிக்குள் ஓசையை வடிகட்டும் இரண்டு ஃபில்டர்களையும் கடந்து வரும். இடப்பக்கம் என்னுடையது, அடித்தொனியை நான் அறுப்பேன். வலப்பக்கம் உன்னுடையது, மேல்தொனியை நீ அறுப்பாய். இரண்டுக்கும் நடுவில் தப்ப வழியில்லாமல் மிஞ்சுவதுதான் நம் ஓசை. ஒருவர் பக்கத்தை மற்றவர் தொடக் கூடாது. ஒருமுறை கை நீட்டினேன். புறங்கையில் அடித்தாய்.

"உன் வூட்டு அடுப்புல நான் வந்து சமைக்கிறனா? கைய எடு மச்சான்."

கடைசிப் பாட்டு என்னுடைய பழைய பயத்திலிருந்து வந்தது. வாலிபத்தில், தவறி விழுந்த ஸ்பானரை எடுக்கப் படகின் மீன் அறைக்குள் இறங்கினேன். நான் உள்ளே இருப்பது தெரியாமல் மூடியைச் சாத்திவிட்டார்கள். படகு கிளம்பி முகத்துவாரம் தாண்டும்வரை கத்தினேன். எஞ்சின் சத்தம் மட்டும் மரத்தைத் துளைத்து வந்தது. அந்தச் சத்தத்தை நீ இரண்டு குமிழ்களில் கொண்டுவந்தாய். முதல் பாதியைப் பதிவு செய்தோம். இரண்டாம் பாதியில், நீ வலப்பக்கத்தை மெல்லத் திருப்புவாய், மேல்தொனி வெளிச்சம் போல இறங்கும், மூடி திறக்கும் என்பது நம் ஏற்பாடு.

அதற்குள் என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குமிழ்கள் நிற்கும் இடத்தைத் தாளில் வரைந்து வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"எழுதி வச்சா கை சோம்பேறியாயிடும். கெளம்பு. நாளைக்குத் தொறந்து வுடுறேன்."

மறுநாள் விடியும்போது நீ இல்லை.

சிதம்பரத்திலிருந்து கடலூர்வரை பெட்டியை மடியில் வைத்து, உன் பக்கத்துக் குமிழ்கள் அசையாதபடி துண்டைச் சுற்றிக் கொண்டுவந்தேன். அதன் பிறகும் நான் எழுதி வைக்கவில்லை. நீ வேண்டாம் என்றாய். அது என் பிடிவாதமும்கூட.

உன் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பாட்டு முழுசாக வேண்டுமாம் உன் மகளுக்கு. "பதிவைக் கேட்டு அதே மாதிரி வச்சு, நீங்களே முடிச்சுடுங்க மாமா" என்கிறாள். இன்று முயன்றேன். என் பக்கம் கைக்கு வந்துவிட்டது. உன் குமிழின் மேல் விரல் வைத்தேன். உள்ளே காய்ந்த சந்தனம் கரகரத்தது. கையை எடுத்துவிட்டேன். அடி வாங்கிய புறங்கையைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் அந்தப் பாட்டின் மீன் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் மருமகள் அடுத்த பூஜைக்குப் பொட்டை மேசைக் காலுக்கு வைக்க வேண்டும். உன் மகள் பாட்டு நிற்கும் இடம்வரை போட்டு, அங்கேயே நிறுத்த வேண்டும். வேறு ஆளை வைத்து முடிக்கக் கூடாது. எழுத விடாமல் செய்ததற்கு நீ என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்ல வேண்டும். நான் தினமும் ஸ்பானரைக் கட்டையின் மேல் வைத்து, இடக்கையால் என் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வலக்கை மடியிலேயே இருக்கும்.

மூடியைத் திறப்பது உன் வேலை.