கட்டிய மூட்டைக்கு மன்னிப்பு

ஸ்லோனிம், எலூல் 4

அன்புள்ள ஸெலிக்குக்கு,

வரும் வருஷம் நீயும் உன் வீட்டாரும் நல்லவர்கள் ஏட்டில் எழுதப்படுவீர்களாக. நான் எந்த ஏட்டில் வருவேன் என்று என் மனைவி ஹின்தேவிடம் மட்டும் கேட்காதே; அவள் எழுதியே முடித்துவிட்டாள்.

எங்கள் குணம் திருத்தும் சங்கத்தில் ஒன்பது பேர். ஆளுக்கொரு குணத்தை எடுத்துக்கொண்டு, தினமும் மாலையில் தவறிய இடங்களுக்குக் குறிப்பேட்டில் புள்ளி வைக்க வேண்டும். ரொட்டிக்கடை யோஹெல் பொறாமையை எடுத்தான்; இப்போது என் குறிப்பேட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான். நான் எடுத்தது நாக்கு. பதினோரு நாளாக ஒரு புள்ளி இல்லை! பல்வலியில் வாய் வீங்கிக் கிடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம், திஷ்ரி பத்தாம் தேதி, பாவமன்னிப்பு நாள். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதனே மன்னித்தால்தான் மேலே மனு போகும். ஆகவே, உனக்கு நான் செய்த ஒன்றை மன்னித்துவிடு. என்ன என்று மட்டும் கேட்காதே.

உன் நாஹூம்

*

லீடா, எலூல் 11

அன்புள்ள நாஹூமுக்கு,

கட்டிய மூட்டையை யாராவது விலை பேசுவார்களா? பிரித்துக் காட்டு, மன்னிக்கிறேன். நம் முப்பது வருஷச் சிநேகத்தில் நீ அப்படி என்ன செய்திருக்கப்போகிறாய்?

எல்லோரும் நலம் என்று எழுத ஆசை. உங்கள் ஊர்ப் பையனோடு மேராவுக்குப் பேசி முடித்த சம்பந்தம், கோடைத் திருவிழா முடிந்த கையோடு முறிந்துபோனது. அவர்கள் காரணம் சொல்லவில்லை. என் மகளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள்: லேசாக இழுத்து நடக்கும் அவளுடைய இடது கால். "பொண்ணு பாக்க வந்தப்ப மரியாதைக்குப் பேசாம இருந்திருப்பாங்கப்பா" என்கிறாள். இரண்டு மாதமாகச் சந்தைப் பக்கம் போகவில்லை.

அறிவு இதயத்தை ஆள வேண்டும் என்று மாணவர்களுக்குத் தினமும் போதிக்கிறேன். என் வீட்டுக்குள் அது செல்லுபடியாகவில்லை.

ஸெலிக்

*

ஸ்லோனிம், எலூல் 15

ஸெலிக்,

காரணம் அவள் கால் இல்லை. நான்தான்.

திருவிழாவுக்கு உன் வீட்டில் விருந்தாளியாக இருந்தேன் அல்லவா? சூப்பில் உப்பில்லை என்று நீ தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாய். பிறகு அழுதாய், நீயே துணியெடுத்துச் சுவரைத் துடைத்தாய், உன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாய். எல்லாவற்றையும் பார்த்தேன். ஊருக்கு வந்து பொதுக் குளியல் கூடத்தில், நீராவி சூழ மேல்படியில் உட்கார்ந்துகொண்டு, முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

"கோபத்தை அடக்கறது எப்படின்னு ஒரு மணி நேரம் பேசற மனுஷன்டா! அன்னிக்கு அந்த வீட்ல வயிறாரச் சாப்பிட்டது சுவர் மட்டும்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். கீழ்ப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் திரும்பி, "லீடா ஸெலிக்கா?" என்றார். மாப்பிள்ளைப் பையனின் மாமா. நான் அப்போதாவது நிறுத்தினேனா? புதுசாக ஒருவர் கேட்கிறாரே என்று, கையை வீசி மறுபடி நடித்துக் காட்டினேன்.

எங்கள் சங்கத் தலைவர் உன்னிடம் சொல்லவே கூடாது என்றார். "சொன்னா அவருக்கு வலிக்கும், உனக்கு லேசாகும். அது மன்னிப்பு இல்லப்பா, பாரம் மாத்தறது. வெட்கத்தை நீயே வச்சுக்கோ." அதனால்தான் மூட்டையைக் கட்டியே அனுப்பினேன். ஆனால் மேரா தன் காலைப் பழிக்கிறாளே. இனி எப்படி வாயை மூடுவேன்?

நாஹூம்

*

லீடா, எலூல் 24

நாஹூம்,

தட்டை எறிந்தது உண்மை. உன் கடிதத்தைப் படித்த நிமிஷமே, மகளிடம் சொல் என்று என் அறிவு சொல்லிவிட்டது. ஆனால் ஐந்து நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். காரணம் என் கோபம் என்று ஆவதைவிட அவள் கால் என்று இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. எழுதவே கை கூசுகிறது.

ஆறாம் நாள் படித்துக் காட்டினேன்.

"அப்போ காரணம் என் கால் இல்லையாப்பா?"

"இல்லம்மா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

சொன்னேன். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள். இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உன்னைப் பற்றி ஒன்று சொன்னாள்: "யார்கிட்ட முதல் பாதியச் சொன்னாரோ, அவங்ககிட்டயே மீதியையும் சொல்லச் சொல்லுங்க."

நான் மன்னித்தேன் என்று இங்கே எழுதிவிடலாம். மனம் வரவில்லை. பொய் எழுத மாட்டேன்.

ஸெலிக்

*

ஸ்லோனிம், திஷ்ரி 8

ஸெலிக்,

வெள்ளிக்கிழமை குளியல் கூடத்துக்குப் போனேன். அதே ஆட்கள், மாமாவும் இருந்தார். "அந்தத் தட்டுக் கதையில மீதி ஒண்ணு இருக்கு" என்றேன். நான் தொடங்குமுன்பே சிரிப்பு தொடங்கிவிட்டது.

நீ அழுததைச் சொன்னேன். சிரித்தார்கள். சுவரைத் துடைத்ததைச் சொன்னேன். "ஐயோ போதும்டா, வயிறு வலிக்குது!" என்று யோஹெல் தொடையில் தட்டினான். "இதுல சிரிக்க ஒண்ணுமில்ல" என்று கத்தினேன். அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு. நாற்பது வருஷமாக நானே தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய கோமாளி முகம் இது; வேண்டாத நேரத்தில் கழற்றி வைக்க முடியவில்லை.

ஓயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு முதலிலிருந்து சொன்னேன். கையை வீசவில்லை. கடைசியில், வாயை மூடாதவன் நான், அதற்குப் பழி சுமந்தது ஒரு பெண்ணின் கால் என்றேன். யோஹெல்தான் முதலில் சிரிப்பை விட்டான். "நிஜமாவாடா?" என்றான். தலையை ஆட்டினேன். அப்புறம் மற்றவர்களும் சிரிப்பை விட்டார்கள். நிர்வாணமாக எத்தனையோ வருஷம் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். அன்றுதான் துண்டைத் தேடினேன்.

மாமா எழுந்து போனார். சம்பந்தம் திரும்பி வராது என்றுதான் நினைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. மேராவிடம் சொல்: மீதியைச் சொல்லிவிட்டேன், நன்றாகச் சொல்ல வரவில்லை.

நாஹூம்