ஒரே வேலியைத் தாண்டிய இருவர்

அக்கா,

இன்று காலை, டெக்சஸின் இந்த சுகர் லேண்ட் ஊரில், நம் குடியிருப்பின் நீச்சல்குளத்தைக் கடந்து நடந்தேன். குளோரின் வாசனை முகத்தில் அடித்ததும் நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். அந்தக் கரையில் உட்கார்ந்துதானே அத்தனை வாக்குவாதமும் செய்தோம்!

நீங்கள் சிறார் நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளைகளின் ஆலோசகர். நான் ஏகாதசி தவறாத இல்லத்தரசி. "பூஜை, விரதம்னு வளர்ற நம்ம பசங்களுக்கு மனசை அடக்கத் தெரியும்க்கா. அதான் தப்புத்தண்டாவுக்குப் போறதில்ல" என்பேன். உங்கள் யாழ்ப்பாணத் தமிழில் சீண்டுவீர்கள்: "விரதமெண்டு சொல்லிப்போட்டு ஜவ்வரிசி வடை எத்தனை சாப்பிட்டனீர்?" பிறகு குரல் தாழும். "அடக்கம் இல்லாட்டி பிள்ளை தடம் மாறும், அது உண்மை. ஆனா அப்பிடிப் பிள்ளையள் எல்லா நிறத்திலயும் இருக்கினம். மன்னிப்புத்தான் எல்லா நிறத்துக்கும் கிடைக்கிறேல்லை."

நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் இரண்டு பையன்கள் குளத்து வேலியைத் தாண்டிக் குதித்து, நாற்காலிகளையெல்லாம் தண்ணீரில் எறிந்துவிட்டார்கள். ஒருவன் நம் எதிர்வீட்டுத் தமிழ்ப் பையன். மற்றவன் அவனுடைய கறுப்பினத் தோழன்.

நேற்று குடியிருப்போர் சங்கக் கூட்டம். அந்தத் தோழனின் அம்மா முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு அங்கிள் தமிழில் சொன்னார்: "நம்ம பையனை வார்ன் பண்ணா போதும். மத்தவன் மேல போலீஸ் கம்ப்ளைன்ட் கொடுத்துடலாம். அவங்களுக்கு செல்ஃப் கன்ட்ரோலே கிடையாது."

எழுந்துவிட்டேன், அக்கா. "ரெண்டு பேரும் ஒரே வேலியத்தான் தாண்டினாங்க அங்கிள். இவனுக்கு விளையாட்டு, அவனுக்கு கேஸா?"

"நீ ஏம்மா டென்ஷன் ஆகற?"

"நீங்க ஆகாததாலதான்!"

பிறகு, டிவி பார்த்துக் கற்ற என் ஆங்கிலத்தில் எல்லோருக்கும் சொன்னேன்: கட்டுப்பாடு இல்லாமல் போனது இருவருக்கும்தான், போலீஸ் வேண்டாம். கோடை முழுக்க, சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து குளத்தைச் சுத்தம் செய்யட்டும். நானே கூடவே நின்று பார்த்துக்கொள்கிறேன்.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்ததும் அங்கிளின் கையும் உயர்ந்தது! அந்த அம்மா வந்து என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். நெடுநேரம் விடவில்லை.

வழக்கமாக என் பிள்ளைகளின் பெயரை மட்டும் சொல்லி விளக்கேற்றுவேன். இன்று அந்த இருவரின் பெயரையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னேன். இனி தினமும் சொல்வேன்.

ஜெயித்துவிட்டோம், அக்கா.