நான்காவது துண்டு

மார்ச் 4, செவ்வாய்

ஊசி மேசையில் எனக்கு எட்டாவது வருடம். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகளை என்னிடம்தான் கொண்டுவர வேண்டும். முழு ஊசியும் சேர்கிறதா என்று பார்த்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, நான் கையெழுத்திட்ட பிறகே புது ஊசி. தைப்பது குழந்தைகள் உடுப்பு. முனை உள்ளே தங்கினால் அவ்வளவுதான்.

இன்று பதினாலாம் மெஷின்காரி (எல்லோருக்கும் அவள் ‘பதினாலு’) மதிய மணி அடிக்கிற நேரம் பார்த்து மூன்று துண்டோடு வந்து நின்றாள். வாய் ஓயாமல் சினிமாப் பாட்டு, நடுநடுவே கெட்ட வார்த்தை. ஒட்டினேன், கையெழுத்துப் போட்டேன், ஜெபத்துக்கு ஓடினேன். நான் போகாமல் குழு தொடங்காது. இன்று நன்றாக ஜெபித்தேன். இரண்டு பேர் அழுதார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு கவுனில் ஊசி முனை! வாங்கிய கம்பெனியின் சோதனையில் அகப்பட்டிருக்கிறது. நல்லவேளை, எந்தக் குழந்தையும் போடவில்லை. மேலாளர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். நான்காம் தேதி, டேப்புக்கு அடியில் முனை இருக்க வேண்டிய இடம் காலி.

பதினாலு எல்லோர் முன்னாலும் கத்தினாள். “முனை இன்னும் கெடைக்கலக்கான்னு சொன்னேனே! ‘போ, நான் பாத்துக்கறேன்’னீங்களே!”

பச்சைப் பொய். நான்கு துண்டையும் என் கையால் ஒட்டினேன். என்னை மாட்டிவிட டேப்பைப் பிரித்தது யார் என்று அவளையே கேளுங்கள் என்றேன். தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடு என்கிறார் மேலாளர். மாட்டேன். வேலையே போனாலும் மாட்டேன். எனக்காகப் பேச மேலே ஒருவர் இருக்கிறார்.

மார்ச் 19, புதன்

உபவாசம், முதல் நாள். அவள் வெட்கப்பட்டுப் போகட்டும் என்று கேட்டேன். நாளைக்குள் என்றும் கேட்டேன்.

என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். ஷூவை மாட்டிக்கொண்டே, “நீ கடவுள்கிட்ட கேக்கறியா, உத்தரவு போடறியா?” என்றார். ஜெபமே செய்யாத மனிதருக்கு என்ன தெரியும்?

மார்ச் 21, வெள்ளி

ஜெயித்தேன்! எட்டு வருடத்தில் ஒரு தவறும் இல்லாதவள் என்று என் பேச்சைத்தான் நம்பினார்கள். பதினாலை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விடுவித்தார் ஆண்டவர்!

போகும்போது அவள் வாசலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அது அவள் காலடியிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை குழுவில், ஆண்டவர் எனக்குச் செய்ததை நான் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம்.

மார்ச் 22, சனி

சாட்சிக்குக் குறிப்பெடுக்க இந்த நோட்டைப் புரட்டினேன். எனக்கு வந்த சோதனை எந்த நாளில் தொடங்கியது என்று சரியாகச் சொல்ல வேண்டுமே.

மூன்று துண்டு.

என் கையெழுத்துதான். அன்று மாலையே எழுதியது. மூன்று.

ஐயோ, அவ சொன்னா. முனை இல்லன்னு சொன்னா. காதுல விழுந்துச்சு. மணி அடிச்சுட்டுது, எல்லாரும் எனக்காகக் காத்திருப்பாங்க, நான்தானே ஆரம்பிக்கணும் - அதுக்காக ஓடினேன். இத்தனை நாளா நாலு, நாலுன்னு எப்படிச் சொன்னேன்? நெஜமாவே நம்பினேனா? என் பொய்க்குக் கடவுளையே சாட்சிக்கு இழுத்தேனே!

மார்ச் 23, ஞாயிறு

சாட்சி சொல்லவில்லை. குழுவில் மூத்த அக்காவிடம் மட்டும் நோட்டைக் காட்டினேன்.

“ஆண்டவரே காப்பாத்தி விட்டிருக்காரு. நீ ஏம்மா வாயைத் திறக்கறே? குழுவுக்கே கெட்ட பேரு.”

“காப்பாத்தினது அவர் இல்லக்கா. என் நாக்கு.”

மார்ச் 24, திங்கள்

நோட்டை மேலாளர் மேசையில் விரித்து வைத்தேன். “யோசிச்சுக்கோம்மா, வேலை போயிடும்” என்றார். போகட்டும் சார் என்றேன். ஒப்புதல் தாளில் கையெழுத்து கோணலாக விழுந்தது. நான் கேட்ட விடுதலை இது இல்லை. வந்திருப்பது இதுதான்.

அங்கிருந்து நேரே பதினாலு வீட்டுக்கு. கதவைப் பாதி திறந்து எல்லாவற்றையும் கேட்டாள். “அழாதீங்க. உங்க அழுகையைப் பாக்க எனக்கு நேரமில்ல” என்று சொல்லிச் சாத்திவிட்டாள். சரிதான்.

மார்ச் 28, வெள்ளி

வேலை போகவில்லை. நூல் வெட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். பதினாலு திரும்பி வந்துவிட்டாள், பேசவில்லை.

உண்மையைச் சொன்னவளாக்கும் என்று நடக்கும்போதே கழுத்து நிமிர்கிறது. அதே வியாதி, புதுச் சட்டை. ஆண்டவரே, இதிலிருந்தும் என்னை இழுத்துப் போடுங்கள். நான் திமிறுவேன். விட்டுவிடாதீர்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

பதினாலு மெஷினில் மறுபடி ஊசி உடைந்தது. முனையைக் காணோம். மதிய மணி அடித்தது, குழு ஜெபத்துக்குப் போனது. நான் காந்தத்தை எடுத்துக்கொண்டு அவள் மெஷினுக்கு அடியில் முழங்கால் போட்டேன்.

“இங்கயும் ஜெபமா?” என்றாள்.

“இல்ல. முனையைத் தேடறேன்.”

பிறகு அவளும் தரையில் இறங்கினாள். “நல்லா தேடுங்க. அப்படியே வேண்டிக்கவும் செய்யுங்க, பசி உயிர் போகுது.”

மெஷின் கால் இடுக்கில் கிடந்தது. நான்கு துண்டு. ஊசி மேசையில் இப்போது இருப்பவளை எண்ணச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.