எங்கள் வீட்டு முதல் வண்டி

ஜூன் 6, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. ஊரில் ஓடுகிற பஸ்களையெல்லாம் நேரத்துக்குக் கிளப்பி விடுகிற டிப்போ டைம் கீப்பர் நான். என் வீட்டில் இரண்டு வாண்டுகளைக் கிளப்ப முடியவில்லை. பெரியவன் இரண்டாம் வகுப்பு. ஒரு காலில் மட்டும் சாக்ஸ் மாட்டிக்கொண்டு சுவர்ப் பல்லியை வேடிக்கை பார்த்தான். சின்னவளுக்கு இன்றுதான் பள்ளியில் முதல் நாள். பல் துலக்கப் போனவள் சோப்பு நுரையில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடிவிட்டார்கள். வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

என் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் பிறந்தபோது விட்ட நர்ஸ் வேலை, இப்போதுதான் திரும்பக் கிடைத்திருக்கிறது. பிரசவ வார்டு, விடிவதற்கு முன்பே ஷிப்ட். நான் மதிய ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். "தொடர்ந்து வருவேனான்னு மாசக் கடைசியில சொல்லணும். பிள்ளைங்க தடுமாறினா நின்னுடுவேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் புது யூனிபார்மை நேற்று இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

ஜூன் 7

இன்றும் தாமதம். கத்திவிட்டேன். சின்னவள் அழுதுகொண்டே உள்ளே போனாள். சே.

ஜூன் 9, வியாழன்

டிப்போ விசிலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பிள்ளைகள்தான் வண்டிகள். கட்டிலில் புறப்பட வேண்டும். குளியலறை, சாப்பாட்டு மேசை, செருப்பு அலமாரி எல்லாம் ஸ்டாப். கடைசி ஸ்டாப் பள்ளி. விசில் கேட்டால் அடுத்த ஸ்டாப்புக்கு நகர வேண்டும். முதல் வண்டி நான்தான் என்று சின்னவள் அடம் பிடித்தாள். பெரியவன் விட்டுக்கொடுத்தான்.

கேட் திறந்திருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 13, திங்கள்

என் வித்தை என்னையே கடிக்கிறது. விசில் ஊத மறந்தேன், பெரியவன் குளியலறையிலேயே நிற்கிறான். சின்னவள் கூடத்தின் நடுவில் மல்லாந்து படுத்துவிட்டாள். வண்டி பிரேக் டவுனாம், மெக்கானிக் வர வேண்டுமாம். மெக்கானிக்கும் நான்தான். கிச்சுகிச்சு மூட்டினால்தான் எஞ்சின் கிளம்புகிறது.

ஜூன் 16

பஞ்சர். இரண்டு தடவை.

ஜூன் 22, புதன்

இதை எப்படி எழுதுவது?

காலையில் நல்ல மழை. செருப்பு அலமாரி முன்னால் சின்னவள் உட்கார்ந்துவிட்டாள். இது விளையாட்டு இல்லை, நிஜ அழுகை. அம்மா வந்தால்தான் நகருவேன் என்கிறாள். கிச்சுகிச்சும் பலிக்கவில்லை. அவ்வளவுதானா? மனைவியிடம் போய், நீ வேலையை விட்டுடு என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

பெரியவன் பையோடு தங்கைக்குப் பின்னாலேயே நின்றிருந்தான். நீயாவது முன்னால் வாடா, நேரமாகிறது என்றேன். அசையவில்லை.

"முன்னாடி வண்டி நின்னுட்டா, அதுல இருக்கறவங்களைப் பின்னாடி வர்ற வண்டிதான்பா ஏத்திக்கணும். நீங்கதானே போன்ல சொல்வீங்க."

தன் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அவள் முன்னால் குந்தி முதுகைக் காட்டினான். அவள் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏறினாள். அவனே இத்தனூண்டு! தள்ளாடித் தள்ளாடி வாசல்வரை தூக்கிப் போனான்.

நான் மலைத்துப் போய் நின்றேன். டிப்போவில் டிரைவர்களிடம் இதற்காக எத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கவே இல்லையே. அந்த முதுகு எங்கிருந்து வந்தது?

ஜூன் 28, செவ்வாய்

விசிலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. யாரும் தேடவும் இல்லை. சின்னவளுக்குக் கண் திறப்பதற்கு முன்பே கால் குளியலறைப் பக்கம் போகிறது. அண்ணன் தட்டைக் கழுவுகிறான், அவள் துடைக்கிறாள். இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறிப்போன காபியைத்தான் குடித்தேன்.

ஜூன் 30, வியாழன்

மனைவிக்கு விடுப்பு. இன்று பதில் சொல்லியாக வேண்டும். விடிந்ததிலிருந்து சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் பின்னாலேயே அலைந்தாள். தலை வாரவா என்று கேட்பதற்குள் வாரியாகிவிட்டது. சாக்ஸ் எடுக்கக் குனிந்தால் சாக்ஸ் காலில் இருக்கிறது. கடைசியில் சின்னவள்தான் அவள் கையைப் பிடித்து நாற்காலிக்குக் கூட்டிப் போனாள்.

"அம்மா, நீ பயணி. உக்காரு."

உட்கார்ந்தாள். பிள்ளைகள் பிறந்த பிறகு காலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கண் கலங்கியிருந்தது. வருத்தமா, நிம்மதியா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு சின்னவள் திரும்பினாள். "நீ எந்த ஸ்டாப்ல இறங்கணும்?"

இவள் என்னைப் பார்த்தாள். பெரியவனைப் பார்த்தாள். சீப்பை மேசைமேல் வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில" என்றாள்.

பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் அங்கே போனோம். தொடர்ந்து வருவதாக நேரிலேயே சொல்லிவிட்டு வருகிறேன் என்று இறங்கி உள்ளே போனாள்.