ஏழாம் ரீலில் வெள்ளைக் கோடு

ஐப்பசி 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மாடியில் உலர்த்திய சின்ன வெங்காயம் பாதி நனைந்துவிட்டது. மகள் எடுத்து வைக்கவில்லை. சொன்னால் கோபம். முழங்கால் வலி. தைலம் தீர்ந்தது.

வீட்டுக்காரர் படத்துக்கு முல்லை ஒரு முழம். அவர் போனதிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை.

பேத்தி நித்யா செல்போனைப் பார்த்துக்கொண்டே, "அம்மாயி, ஒங்க கிணத்தடி சீன் படம்! கம்ப்யூட்டர்ல ஏத்தி நம்ம பெரம்பலூர்லயே திரும்பப் போட்டிருக்காங்க" என்றாள்.

அந்தப் படம் என்றதுமே சோறு இறங்கவில்லை.

ஐப்பசி 10, திங்கள்

மழை இல்லை, புழுக்கம். தைலம் வாங்கியாச்சு. பழையதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மறதி மட்டும் கிடையாது.

அரியலூர் தியேட்டர். வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது மூத்தார், மேனேஜர். வீட்டுக்காரர் மிஷினில் படம் ஓட்டும் ஆப்பரேட்டர். நான் பெண்கள் கவுண்ட்டரில் டிக்கெட் கொடுப்பேன். ஆட்டம் தொடங்கியதும் மேலே கேபினுக்குப் போய், ஓடி முடிந்த ரீலைக் கையால் திருப்பிச் சுற்றி வைப்பேன்.

எங்களுக்கு வருவதெல்லாம் திருச்சி, தஞ்சாவூர் ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான். அந்தப் பொங்கலுக்குத்தான் முதல்முறையாகப் புதுப் பிரிண்ட். பிலிம் பொட்டிக்கு மாலை, மேளம், தேங்காய் உடைத்தல் எல்லாம்.

முதல் ஆட்டம், ஏழாம் ரீல். கதாநாயகி கிணற்றில் தண்ணீர் சேந்துகிறாள். வலது கன்னத்தின் மேல், திரையின் உச்சி முதல் அடி வரை ஒரு வெள்ளைக் கோடு. குடம் மேலே வரும் வரை நின்றது. அப்புறம் காணோம். அதுவரை அந்த ரீலை நான் தொட்டதே இல்லை.

பதினைந்து நாள் கழித்துப் பொட்டி ஜெயங்கொண்டம் போனது. அங்கிருந்து புகார்: அரியலூரில் கோடு போட்டு அனுப்பிவிட்டார்கள்.

மூத்தார் வேலையாட்கள் அத்தனை பேரையும் நிற்க வைத்து என் கையைப் பார்த்தார்.

"கண்ணாடி வளையலப் போட்டுக்கிட்டு ரீலு சுத்துனா கோடு விழாம என்ன விழும்? இனிமே கழட்டி வச்சிட்டு மேல ஏறு."

பச்சை வளையல், கைக்கு ஆறு. வீட்டுக்காரர் பொங்கலுக்கு வாங்கித் தந்தது.

"அவரு குத்துக்கல்லாட்டம் உசுரோட நிக்கிறாரு. நான் எதுக்கு மாமா வளையலக் கழட்டணும்?"

இன்னொன்றும் சொன்னேன். மிஷினிலோ கையிலோ சிராய்த்தால் பிலிமின் முதுகுப் பக்கம் கறுப்பாக விழும், மருந்து பூசிய பக்கம் பச்சையாக விழும். இது பால் வெள்ளை, நம்ம இடத்தில் விழுந்ததில்லை. எத்தனை ரீல் பார்த்திருக்கிறேன்! "அஞ்சாங் கிளாஸ் பாடம் எடுக்குது டோய்" என்றான் சைக்கிள் ஸ்டாண்டுக்காரன். சிரித்தார்கள்.

வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் முன்னால் பேச மாட்டார், சுபாவம் அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படி இறங்கினேன். மறுநாள் பருத்தி எடுக்கப் போனேன். அவர் அங்கேயே வேலை பார்த்தார், தியேட்டர் மூடும் வரை.

மறக்காதவை:
வளையக்கோட்டுக்காரி என்ற பேர்.
மூத்தார் மகன் தன் கல்யாணத்திலேயே, "சித்தி, கைய மறைங்க, போட்டோவுல கோடு விழுந்துரும்" என்றது. சிரித்த பந்தி.
அன்றிலிருந்து அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை.

ஐப்பசி 12, புதன்

நித்யாவுக்கு லீவு. மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டிப்போனாள். ஏசி, ஊசி குத்துவது போல. முட்டியில் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டேன். பாப்கார்ன் உப்பு.

கிணற்றடி வந்தது. அவள் கயிற்றைப் பிடித்தாள்.

கோடு!

அதே கன்னம். அதே வெள்ளை. குடம் மேலே வரும் வரை.

பின்னால் ஒருத்தன், "ஸ்கிரீன் கிழிஞ்சிருச்சாடா?"
இன்னொருத்தன், "பழைய படம்னா அப்படித்தான்டா."

எழுந்து நின்றுவிட்டேன். "யாரு வளையல்டா இது? சொல்லுங்கடா, யாரு வளையல்?"

"அம்மாயி, ஒக்காருங்க, மானம் போவுது." நித்யா கையைப் பிடித்து இழுத்தாள். எந்த மானம்? என் மானம் போய் எத்தனை வருசம்.

முடிந்ததும் அங்கே வேலை பார்க்கும் பையனிடம், ரீலை யார் சுற்றுகிறார்கள் என்று கேட்டேன்.

"ரீலே கெடையாது பாட்டி. லேபுல இருக்கிற மூலப் பிலிமுலேருந்து ஏத்துறது. எல்லாப் பிரிண்டும் அதுலேருந்து போட்டதுதான். அதுல கீறல் இருந்தா எல்லாத்துலயும் வரும்."

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஐப்பசி 13, வியாழன்

நல்ல மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். படம் ஞாயிறு வரைதானாம். நித்யா மூன்று டிக்கெட் போட்டாள்: எனக்கு, மூத்தாருக்கு, ஓரகத்திக்கு. உட்கார வைத்துக் காட்ட வேண்டும். கோட்டைப் பார்த்துவிட்டு அவர் வாயால், வளையல் இல்லை என்று சொல்ல வேண்டும். அவர் மகனும் கேட்க வேண்டும்.

கொண்டுபோக: தைலம், குடை, டிக்கெட், குடிக்கத் தண்ணீர்.

ஐப்பசி 16, ஞாயிறு

காலை பஸ்ஸில் அரியலூர். சிமெண்ட் லாரி சேறு வாரி அடித்தது. சேலை பாழ்.

மூத்தார் நாற்காலியில். கண் ஆபரேஷன், கறுப்புக் கண்ணாடி. மகன் ஊரில் இல்லை.

"கெளம்புங்க மாமா. மத்தியானப் படத்துக்கு டிக்கெட் போட்டிருக்கு."

"எதுக்கு புள்ள?"

"வளையல் இல்லாம விழுந்த கோட்டப் பாக்க."

ஓரகத்தி முகம் சுளித்தாள். "இன்னுமா அத வச்சிக்கிட்டு இருக்க?"

"ஒங்க மவன் வச்சிருந்தான்ல அக்கா, நானும் வச்சிருக்கேன்."

மூத்தார் அவளைக் கையமர்த்தினார். பிறகு, "நான் பாக்க வேணாம். லேபுலயே விழுந்த கோடுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

"அப்புறம் எதுக்கு மாமா என் வளையல் மேல பழி?"

"புதுப் பிரிண்ட் குடுத்தவங்கிட்டயே ஒஞ் சரக்கு சொத்தைன்னு எழுதுனா அடுத்த தடவ குடுப்பானா? யாரு மேலயாவது எழுதித்தான் ஆவணும். நீ வூட்டு ஆளு. கோச்சிக்கிட்டாலும் எங்க போயிருவ?"

"கேபினுக்கே ஏறாதவரு நீங்க. ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"தம்பிதான். மொத ஆட்டம் முடிஞ்சதும் பிலிமோட ரெண்டு பக்கமும் நெகத்தால தடவிப் பாத்துட்டு வந்தான். நெகம் எங்கயும் தட்டல அண்ணே, கோடு லேபுலேருந்தே வந்திருக்குன்னான். வெளில மூச்சு விடாதன்னேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசி வரைக்கும் ஒங்கிட்டயும் சொல்லலியா?"

ஓரகத்தி காப்பி கொண்டுவந்தாள். தொடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஒழுகல். மூன்று டிக்கெட்டும் வீண். முப்பத்தெட்டு வருசம் ஒரே பாயில் படுத்த மனுஷன். வளையக்கோட்டுக்காரி என்று ஊர் கூப்பிட்டபோதெல்லாம் பக்கத்தில்தான் நின்றார்.

விளக்கு வைக்கும்போது நித்யா, "அம்மாயி, இன்னிக்கு ஞாயித்துக்கெழம. தாத்தாவுக்குப் பூ?" என்றாள்.

அண்ணனிடம் சொல்லத் தெரிந்ததல்லவா. அண்ணன் வாங்கி வைக்கட்டும்.