எண்ணெய் நெஞ்சில் ஒட்டாத ஒயர்

ஐதராபாத்
18.10.1986, சனிக்கிழமை

அன்புள்ள பாவாயிக்கு, செங்கோடன் எழுதுவது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? பெரியவள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

பத்து நாளாக எனக்கு நெஞ்சு படபடக்கிறது. பயப்படாதே. போர் போடும் ரிக் ஓடும்போது நாள் முழுக்க வெயிலில் நிற்கிறேன், ஒன்றுமில்லை. அறைக்கு வந்து தனியாக உட்கார்ந்தால்தான் வருகிறது. இன்று ஆஸ்பத்திரியில் இடுப்பில் ஒரு பெட்டி கட்டி அனுப்பியிருக்கிறார்கள். நெஞ்சில் ஒட்டிய ஒயர் வழியாக, நாளை வரைக்கும் துடிப்பை டேப்பில் பதிக்குமாம். டாக்டரிடம் போகிறோமே என்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனேன். ஒயர் ஒட்டவே இல்லை.

"ஏனுங்க, செக்குக்குள்ள உழுந்து எந்திரிச்சு வந்தீங்களா?" என்றாள் நர்ஸ். பள்ளிபாளையத்துப் பெண்.

"சனிக்கிழமையாச்சே அம்மிணி" என்றேன். சிரித்துக்கொண்டே ஸ்பிரிட் போட்டு மூன்று தடவை துடைத்தாள். நம் பேச்சைக் கேட்டு மாதக்கணக்காகிறது. இன்னும் கொஞ்சம் துடைக்கட்டும் என்றிருந்தது.

"ரிசல்ட் பாக்க இருபத்தெட்டாந் தேதி ஊட்டு ஆளைக் கூட்டியாங்க" என்றாள்.

"எங்க ரிக் டிரைவர் இருக்கான்."

"அவரு ஊட்டு ஆளுங்களா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. தபாலில் அனுப்பாதே. எருமையைச் சின்னக்கா வீட்டில் கட்டிவிட்டு நீயே எடுத்துக்கொண்டு வா. பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம்.

படபடப்பு வரும் நேரத்தைக் குறிக்க நர்ஸ் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறாள். வா என்று எழுதும்போதே வந்துவிட்டது. மணி ஆறு பத்து. குறித்துவிட்டு, தபால்காரன் பெட்டியைத் திறப்பதற்குள் இதைப் போட ஓடுகிறேன்.

செங்கோடன்