குளோரின் கணக்கு

மார்ச் 3

அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலமென்று வைத்துக்கொள்கிறேன். நேராகவே கேட்கிறேன்.

நம் நீச்சல் கிளப்பின் வரவு செலவைச் சரிபார்க்கும் வேலையைக் கமிட்டி என்னிடம் கொடுத்திருக்கிறது. "பொருளாளர் அக்கா, சரிபார்க்கிறவன் தம்பியா?" என்று ஒருவர் முனகவும் செய்தார். குளோரின் செலவு போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு. உறுப்பினர்கள் கூடவில்லை. அத்தனையையும் குளத்தில் கொட்டியிருந்தால் பிள்ளைகளுக்குக் கண் வெந்திருக்கும். நான் படித்தது தண்ணீர் சுத்திகரிப்பு என்பது மறந்துவிட்டதா? மீதி எங்கே போனது?

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உன் தம்பி

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலம் விசாரிப்பதுகூட நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. "உன் தம்பி இங்க வந்தா சர்க்கரை டப்பாவையும் எடை போடுவான்" என்று அத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மூட்டைகூட வெளியே போகவில்லையடா. குளம் கசிகிறது. தினமும் போர் தண்ணீர் விட்டு நிரப்புகிறோம். புதுத் தண்ணீருக்குப் புதுக் குளோரின். கமிட்டிக்குத் தெரிந்தால் இழுத்து மூடிவிடுவார்கள். ஒரு சீசன் சந்தா நின்றால் கிளப் அப்புறம் எழுந்திருக்காது. வீடு வீடாக ஏறி இறங்கி நான் உண்டாக்கியது இது. பொருளாளரின் கவனக்குறைவு என்று எழுதிவிடு. விலகிக்கொள்கிறேன். கெட்ட பெயர் எனக்கே வரட்டும், குளம் ஓடட்டும்.

அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

நம்பவில்லை. அதனால் உன்னிடம் சொல்லாமலே போனேன். வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, குளத்துக்குள் இறங்கும் படியில் பாதி முங்க வைத்து, வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டேன். வெறுமனே ஆவியானால் இரண்டும் ஒரே அளவு இறங்கும். "என்ன சார், வாளிக்கும் காவலா?" என்றார் காவலாளி. காலையில் வாளிக்குள் கோட்டை ஒட்டியே தண்ணீர். வெளியே நாலு விரல் கீழே.

நீ எடுக்கவில்லை. சரி.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறதென்று யோசித்தாயா? சின்னப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிற கரையைத் தட்டிப் பார்த்தேன். பானையைத் தட்டின மாதிரி சத்தம். அடியில் மண்ணே இல்லை.

கமிட்டிக்கு எழுதிவிட்டேன். "பொருளாளர் காசில் கை வைக்கவில்லை, ஆனால் கசிவை மறைத்தார்" என்று இரண்டையும். நாளை முதல் குளம் மூடல்.

திட்டியாவது பதில் போடு.

உன் தம்பி

ஏப்ரல் 2

கணக்குச் சரிபார்ப்பவர் அவர்களுக்கு,

கிளப் சாவிகளும் ரசீதுப் புத்தகங்களும் இத்துடன் உள்ளன. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டு, கொண்டுவருபவரிடமே கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
முன்னாள் பொருளாளர்